ரிசீவரின் ஆறு ஆண்டுகள்

1930-களின் பொருளாதாரச் சரிவான அமெரிக்கப் பெருமந்தம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் படம் ஒன்றுதான். வங்கியின் கதவு சாத்தியிருக்கிறது. வெளியே தொப்பியும் ஓவர்கோட்டுமாக ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அந்தக் கூட்டம் ஒரு நாள் நின்றது, மிஞ்சிப்போனால் ஒரு வாரம். அது கலைந்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்பதை யாரும் படம் எடுக்கவில்லை. 1933-க்கு முன்பு அங்கே ஒரு வங்கி மூடினால், அதன் கடன்களை வசூலித்து, சொத்துகளை விற்று, பணம் போட்டவர்களுக்குத் தேறியதைப் பிரித்துக் கொடுத்துக் கணக்கை முடிக்கச் சராசரியாக 6 ஆண்டுகள் பிடித்தன. ஒரு வங்கிக்கு 21 ஆண்டுகள் ஆயிற்று.

சின்ன ஊர்களை உண்மையில் வாட்டியது இந்த ஆறு ஆண்டுகள்தான் என்பது என் கட்சி. வங்கி விழுந்ததற்குப் பின்னால் மோசடி இருந்திருக்கலாம், பேராசை இருந்திருக்கலாம், வெறும் துரதிர்ஷ்டமும் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு மூடிய வங்கியின் கணக்கை முடிக்க வந்த அதிகாரியான ரிசீவர் பெரும்பாலும் சட்டம் சொன்னதைச் சொன்னபடி செய்த மனிதர். ஊரின் கழுத்து இறுகியது அந்த ஒழுங்கான வேலையால்தான்.

ஊருக்கு ஒரு வங்கி, சில ஊரில் மூன்று

இத்தனை வங்கிகள் ஏன் விழுந்தன என்று கேட்பதற்கு முன்னால், இத்தனை வங்கிகள் எப்படி முளைத்தன என்று கேட்க வேண்டும். 1921-இல் அமெரிக்காவில் சுமார் 30,000 வங்கிகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் கிளையே கிடையாது. பல மாநிலங்களில் கிளை திறப்பதைச் சட்டமே தடுத்திருந்தது. நியூயார்க்கும் சிகாகோவும் கிளை போட்டு உள்ளூர்ப் பணத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும் என்ற பயம் பழையது; அந்தத் தடை நீடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களில் விவசாயிகளும் உண்டு.

1900-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், 3,000 பேருக்கு மேல் இல்லாத ஊரில் 25,000 டாலர் முதல் போட்டு ஒரு ‘தேசிய வங்கி’ தொடங்கலாம் என்றது. பெயர்தான் தேசியம். வாஷிங்டனில் உரிமம் வாங்கியது என்பதைத் தவிர, அதன் உலகம் அந்த ஊரின் முக்கியத் தெருவோடு முடிந்துவிடும். மாநில அரசிடம் உரிமம் வாங்குவதென்றால் சில மாநிலங்களில் 10,000 டாலரே போதும். தானிய மண்டிக்காரர், மரக்கடை முதலாளி, ஒரு டாக்டர், ஒரு வக்கீல் என்று நாலு பேர் கூடி இயக்குநர்களாக உட்கார்ந்தால் வங்கி தயார். சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள்தான் பணம் போடுபவர்கள், கடன் வாங்குபவர்களும் அவர்களேதான். ஊரில் மழை பொய்த்தால் வங்கிக்கும் பொய்த்தது.

முதல் உலகப் போர் இந்த வங்கிகளுக்குப் பொற்காலம். கோதுமை புஷல் (தானிய அளவு) ஒன்றுக்கு 2 டாலருக்கு மேல் அரசாங்கமே விலை உறுதி கொடுத்தது. நிலத்தின் விலை ஏறியது; ஏறிய விலையை நம்பி நிலம் வாங்கினார்கள்; வாங்க வங்கி கடன் கொடுத்தது. 1920-இன் பிற்பாதியில் விலை சரியத் தொடங்கியதும் நிலத்தின் மதிப்பு இறங்கிவிட்டது, வாங்கிய கடன் மட்டும் இறங்கவில்லை. நியூயார்க் பங்குச் சந்தை கொண்டாட்டத்தில் இருந்த அதே 1920-களில், 1921 முதல் 1929 வரை, 5,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. அநேகமாக எல்லாம் சின்ன ஊர் வங்கிகள். பெருமந்தம் 1929 அக்டோபரில் தொடங்கியதாகப் பாடப் புத்தகம் சொல்லும். விவசாய மாநிலங்களான அயோவாவிலும் டக்கோட்டாக்களிலும் அது எட்டு வருடம் முன்பே வந்துவிட்டது.

பக்கத்து நாடான கனடாவிலும் கோதுமை விலை அதே அளவு விழுந்தது. அங்கே சில பெரிய வங்கிகளே நாடு முழுக்கக் கிளை வைத்திருந்தன. 1930-களில் கனடாவில் ஒரு வங்கிகூட விழவில்லை. எல்லாவற்றையும் மனித இயல்பின் மேலும் பீதியின் மேலும் போடுபவர்கள் இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நாஷ்வில்லில் இடித்தது, ஆஷ்வில்லில் பெய்தது

1930 நவம்பர் வரை வங்கிகள் உதிரி உதிரியாகத்தான் விழுந்துகொண்டிருந்தன. அந்த மாதம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் ‘கால்டுவெல் அண்ட் கம்பெனி’ சரிந்தது. ரோஜர்ஸ் கால்டுவெல் என்பவரின் நிறுவனம் அது. தென்மாநில நகராட்சிகள் ரோடு போடவும் பள்ளி கட்டவும் வெளியிட்ட கடன் பத்திரங்களை வாங்கி விற்பதில் பெரிய கை. பத்திரம் விற்ற பணத்தை நகராட்சிகள் உடனே செலவழிப்பதில்லை. வேலை நடக்க நடக்கத்தான் எடுக்கும். அதுவரை அந்தப் பணம் கால்டுவெல்லுக்குச் சொந்தமான பேங்க் ஆஃப் டென்னசியில் கிடக்கும். அந்தப் பணத்தை எடுத்துக் காப்பீட்டுக் கம்பெனி, செய்தித்தாள், வேறு வங்கிகள் என்று வாங்கிக் குவித்தார். பங்கு விலை விழுந்ததும் கட்டடம் ஆட்டம் கண்டது.

நவம்பர் 7 அன்று பேங்க் ஆஃப் டென்னசி மூடியது. 12-ஆம் தேதி நாக்ஸ்வில்லிலும் 17-ஆம் தேதி கென்டக்கியின் லூயிவில்லிலும் கால்டுவெல்லோடு தொடர்புள்ள வங்கிகள் விழுந்தன. சின்ன ஊர் வங்கிகள் தங்கள் கையிருப்பைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. ஒரு பகுதியைப் பெருநகர வங்கி ஒன்றில் போட்டு வைத்து, வெளியூர் செக்குகளை அதன் வழியாகவே வசூலிக்கும். நகர வங்கி மூடினால் கிராம வங்கியின் ரொக்கமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். இப்படித்தான் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு டென்னசி, கென்டக்கி, ஆர்கன்சா, வட கரோலினா மாநிலங்களில் வங்கிகள் வரிசையாகப் போயின. அந்த நவம்பரில் 256, டிசம்பரில் 352. டிசம்பர் 11 அன்று நியூயார்க்கில் ‘பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்’ விழுந்தது. 4 லட்சம் பேர் பணம் போட்டிருந்த வங்கி. வரலாற்று நூல்களில் அதற்குத்தான் பெரிய இடம். எண்ணிக்கையில் பார்த்தால் அந்தக் கணக்கு முழுவதும் பேர் தெரியாத ஊர்களுடையது.

அந்த வரிசையில் ஆஷ்வில்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வட கரோலினாவின் மேற்கே, புளூ ரிட்ஜ் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். 1920-இல் 28,000 சொச்சம் பேர் இருந்த இடத்தில் 1930-இல் 50,000 பேர். மனை வியாபாரம் தலைகால் தெரியாமல் ஓடியது. நகராட்சியும் சளைக்கவில்லை. கடன் பத்திரம் வெளியிட்டுக்கொண்டே இருந்தது. 1928-இல் எண்கோண உச்சியோடு வண்ண ஓடு பதித்த புதிய நகர மண்டபம் எழுந்தது, அடுத்த வருடம் மலையைக் குடைந்து சுரங்கப் பாதை வந்தது. ஊரின் பெரிய வங்கி சென்ட்ரல் பேங்க் அண்ட் டிரஸ்ட். மனை விலை உடைந்ததும் அதன் கடன்கள் உளுத்துப்போயின. வங்கி மூடினால் ஊரே போய்விடும் என்று நகராட்சியும் கவுன்ட்டி (மாவட்ட) நிர்வாகமும் பொதுப் பணத்தை அதற்குள் போட்டு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன.

1930 நவம்பர் 20 காலை அது திறக்கவில்லை. அதோடு சுற்றுவட்டாரத்தின் வேறு வங்கிகளும் திறக்கவில்லை. வரிப் பணமும் பள்ளிக்கூடப் பணமும் உள்ளே மாட்டிக்கொண்டன. மேயர் காலட்டின் ராபர்ட்ஸ் பதவி விலகினார், வழக்கு வந்தது, 1931 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்டார். வங்கியின் தலைவர் வாலஸ் டேவிஸ் தண்டனை பெற்றார். கால்டுவெல்லின் கூட்டாளியும் டென்னசியின் முன்னாள் செனட்டருமான லூக் லீ, இந்த வங்கியோடு வைத்திருந்த கொடுக்கல் வாங்கலுக்காக ஆஷ்வில் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மேல்முறையீடுகள் தீர்ந்தபின் 1934-இல் சிறைக்குப் போனார்.

இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. செய்தியாகாத பகுதி பிறகு வந்தது. வெளியிட்ட பத்திரங்களுக்கு நகராட்சி வட்டி கட்ட வேண்டும். கட்ட வேண்டிய பணமோ மூடிய வங்கிக்குள். 1936-இல் கடனை மறுசீரமைத்துக்கொண்டு தவணை தவணையாக அடைக்க ஆரம்பித்தார்கள். கடைசிப் பத்திரம் தீர்ந்தது 1976-இல். இடையில் ஊரை இடித்துக் கட்டக் காசே இல்லாததால் 1920-களின் கட்டடங்கள் அப்படியே தப்பின. இன்று அவற்றைப் பார்க்கத்தான் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள் என்பது வேறு கதை.

ரிசீவர் என்ன செய்வார்

மாநில வங்கிகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும். தேசிய வங்கிகளுக்கு ஒரே சட்டம் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

பெரும்பாலும் முதல் நாள் மாலை இயக்குநர்கள் கூடுவார்கள். நாளைக்கு வருபவர்களுக்குக் கொடுக்க ரொக்கம் இல்லை என்று தெரிந்ததும் தீர்மானம் போட்டு, வங்கிப் பரிசோதகருக்குத் தந்தி கொடுப்பார்கள். காலையில் கதவில் காகிதம் ஒட்டியிருக்கும். பரிசோதகர் சாவியையும் பேரேடுகளையும் கையில் எடுத்துக்கொண்டு, ஐந்தொகையை (சொத்து, கடன் பட்டியலை) ஆராய்ந்து வாஷிங்டனுக்கு எழுதுவார். கருவூலத் துறையின் கீழ் இருந்த கரன்சி கண்ட்ரோலர், வங்கி திவால்தான் என்று திருப்தி அடைந்தால் ஒரு ரிசீவரை நியமிப்பார். தேசிய வங்கிக்கு ரிசீவர் போட நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. கண்ட்ரோலரின் உத்தரவே போதும்.

ரிசீவரின் முதல் வேலை பத்திரிகையில் விளம்பரம். வங்கி தனக்குத் தர வேண்டும் என்று சொல்பவர்கள் எல்லோரும் ஆதாரத்தோடு வரலாம் என்று மூன்று மாதம் தொடர்ந்து அறிவிக்க வேண்டும். பாஸ்புத்தகத்தோடு வந்தவருக்கு, இவருக்கு இவ்வளவு பாக்கி என்று ரிசீவர் ஒரு சான்றிதழ் தருவார். அதை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்க முடியாதவர்கள், டாலருக்கு இத்தனை சென்ட் என்று கிடைத்த விலைக்கு அந்தச் சான்றிதழை விற்றார்கள். வாங்க ஆள் இருந்தார்கள். ஏழையின் அவசரத்தில் காசு பார்ப்பவர்கள் எந்த ஊரில்தான் இல்லை.

இரண்டாவது வேலை வசூல். வங்கிக்கு வர வேண்டிய எல்லாக் கடனையும் அவர் கேட்டு வாங்க வேண்டும். வாராக்கடனைக் குறைத்து முடித்துக்கொள்ளவோ, கட்டடத்தையும் நிலத்தையும் விற்கவோ நீதிமன்றத்தின் அனுமதி தேவை. வசூலான பணம் ஊரில் தங்காது. அமெரிக்கக் கருவூலத்துக்குப் போய், அங்கே கண்ட்ரோலரின் உத்தரவுக்குக் காத்திருக்கும். அவர் சரி என்றதும் எல்லோருக்கும் அவரவர் பாக்கியின் விகிதப்படி முதல் பங்கீடு வரும். பிறகு இரண்டாவது, மூன்றாவது.

மூன்றாவது வேலை பங்குதாரர்களைப் பிடிப்பது. இது இன்று பலருக்கும் வியப்பாக இருக்கும். அன்றைய தேசிய வங்கியில் 100 டாலர் முகமதிப்புள்ள பங்கு வைத்திருந்தவர், வங்கி விழுந்தால் அந்த 100 டாலரை இழப்பதோடு மேலும் 100 டாலர் வரை கையிலிருந்து கட்ட வேண்டும். பங்குதாரர்கள் கவனமாக இருப்பார்கள், வங்கியும் ஒழுங்காக நடக்கும் என்பது சட்டம் போட்டவர்களின் கணக்கு. நடைமுறையில் அந்தப் பங்குகள் கணவர் விட்டுப்போன சொத்தாக விதவைகளிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், அதே ஊர் வியாபாரிகளிடமும் இருந்தன. தங்கள் டெபாசிட்டும் அதே வங்கியில் முடங்கிக் கிடக்க, இவர்கள் எங்கிருந்து கட்டுவார்கள்? கேட்டதில் பாதியை ஒட்டித்தான் வசூலானது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். இது கற்பனை வங்கி. எண்களின் அளவு மட்டும் அன்றைய சின்ன வங்கிக்குப் பொருந்தும்படி வைத்திருக்கிறேன். டெபாசிட் 4 லட்சம் டாலர். முதலும் சேமநிதியும் சேர்த்து 50,000. மறுபக்கம், குடியானவர்களும் கடைக்காரர்களும் எழுதிக் கொடுத்த புரோநோட்டுகள் 2,80,000, கடன் பத்திரங்கள் 80,000, கட்டடம் 20,000, ரொக்கமும் நகர வங்கி இருப்பும் 70,000. தாளில் இது நல்ல வங்கி.

வதந்தி கிளம்புகிறது. சில மாதங்களில் 1 லட்சம் டாலரை எடுத்துவிடுகிறார்கள். வங்கி கையிருப்பில் 50,000 கொடுக்கிறது. மீதி 50,000-க்கு, தன்னிடம் இருப்பதிலேயே நல்ல புரோநோட்டுகளாக 90,000 டாலர் மதிப்புக்குப் பொறுக்கி எடுத்து அடகு வைத்துக் கடன் வாங்குகிறது. பிறகு மூடுகிறது. இதுவரை எடுத்தவர்கள் டாலருக்கு டாலர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதி 3 லட்சம் டாலர் டெபாசிட்காரர்களுக்கு எஞ்சியது, நல்லவை பொறுக்கி எடுக்கப்பட்ட பிறகு கிடக்கும் கழிவு.

இனி ரிசீவரின் வசூல். வங்கியில் பணமும் போட்டு, வங்கியிடம் கடனும் வாங்கியவர்கள் ஒன்றுக்கு ஒன்று நேர் செய்துகொள்ளலாம் என்று 1892-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்படி 20,000 டாலர் இரு பக்கமும் கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். டெபாசிட் பாக்கி 2,80,000. அடகில் இருந்த புரோநோட்டுகளில் கடன் கொடுத்தவர் தன் 50,000-ஐ எடுத்துக்கொண்ட பின் திரும்பி வருபவற்றில் 20,000 தேறுகிறது. அடகில் இல்லாத 1,70,000 டாலர் புரோநோட்டுகளில் நூற்றுக்கு 40 வீதம் 68,000. விழுந்த சந்தையில் கடன் பத்திரங்களை விற்று 44,000. கட்டடத்துக்கு 6,000, மூடிய வங்கிக் கட்டடத்தை அந்த ஊரில் யார் வாங்குவார்? பெட்டியில் இருந்த ரொக்கம் 20,000. பங்குதாரர்களிடம் 12,500. மொத்தம் 1,70,500. சம்பளம், வக்கீல் செலவு, வாடகை என்று 15,000 போனால் டாலருக்கு 55 சென்ட்.

இந்த 55 நிஜத்திலிருந்து ரொம்ப விலகியதில்லை. 1921 முதல் 1930 வரை கலைக்கப்பட்ட 1,200-க்கும் மேற்பட்ட வங்கிகளில், தேசிய வங்கிகளில் போட்டவர்களுக்குச் சராசரியாக நூற்றுக்கு 58, மாநில வங்கிகளில் போட்டவர்களுக்கு 62 கிடைத்தது. அதுவும் ஆறு வருடத்தில் துண்டு துண்டாக.

வசூலித்த பணம் யாருடையது

மேலே உள்ள கணக்கில் 68,000 டாலர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன். ஊர் நொந்தது அந்த ஒரு வரியில்தான்.

சின்ன ஊரில் புரோநோட்டு என்பது ஆறு மாதத் தவணை என்று எழுதியிருந்தாலும் ஆறு மாதத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை. விதைப்புக்கு வாங்குவார், அறுவடைக்குக் கட்டுவார். விளைச்சல் சரியில்லையென்றால் வட்டியை மட்டும் கட்டிவிட்டுப் புது நோட்டு எழுதிக் கொடுப்பார். வங்கிக் காசாளருக்கு அந்தக் குடும்பத்தை மூன்று தலைமுறையாகத் தெரியும். யார் சோம்பேறி, யாருக்கு மாடு செத்தது, யாருக்கு மாமனார் கை கொடுப்பார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். எந்தப் பேரேட்டிலும் இருக்காது. ரிசீவருக்குக் கிடைத்தது பேரேடு மட்டும். தெரிந்தாலும் அவர் செய்யக்கூடியது குறைவு. அவர் புதுக் கடன் கொடுக்க முடியாது. அவருடைய கடமை டெபாசிட்காரர்களுக்காக வசூலிப்பது.

1919-இல் பவுண்டு 35 சென்ட்டுக்கு விற்ற பருத்தி 1931-இல் 6 சென்ட்டுக்கும் கீழே. 1932-இல் விவசாயி கையில் கோதுமைக்குக் கிடைத்தது புஷலுக்கு 40 சென்ட்டுக்கும் குறைவு. இந்த விலையில் பழைய கடனைக் கட்ட வேண்டுமென்றால் நிலத்தை விற்க வேண்டும். பக்கத்து ஊரிலும் ஒரு ரிசீவர், அதற்குப் பக்கத்து ஊரிலும் ஒரு ரிசீவர். எல்லோரும் ஒரே நேரத்தில் நிலத்தையும் கால்நடையையும் ஏலத்துக்குக் கொண்டுவந்தால் விலை இன்னும் விழும். விலை விழுந்தால் இன்னும் மூடாமல் இருக்கிற மூன்றாவது ஊர் வங்கியின் அடமானங்களும் மதிப்பு இழக்கும். ஒவ்வொரு ரிசீவரும் தன் வங்கி டெபாசிட்காரர்களுக்கு உண்மையாக இருந்தார். எல்லோருடைய உண்மையும் சேர்ந்து எல்லோருடைய சொத்தையும் கரைத்தது.

கொடுமை என்னவென்றால், வசூலிக்கப்பட்டவரும் வசூலுக்காகக் காத்திருந்தவரும் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். மரக்கடைக்காரரின் கடனை நெருக்கினால் கடை மூடும். அங்கே வேலை பார்த்தவர்களும் அதே வங்கியில் பணம் போட்டவர்கள். இவரிடம் பிடுங்கி அவருக்குக் கொடுப்பதற்கு இடையில் வக்கீல் செலவும் ஏல நஷ்டமும் போயின.

அயோவா போன்ற மாநிலங்களில் இது எங்கே போய் முடிந்தது என்பது தெரிந்ததே. அண்டை அயலார் கும்பலாக வந்து ஏலத்தில் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று கேட்டு வாங்கி, சொத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். வெளியாள் கூடுதலாகக் கேட்டால் அவருக்கு மிரட்டல். 1933 ஏப்ரலில் லெ மார்ஸ் என்ற ஊரில், நிலப் பறிமுதல் வழக்குகளை நிறுத்த மறுத்த நீதிபதி பிராட்லியை நீதிமன்றத்திலிருந்தே இழுத்துச் சென்று, கழுத்தில் கயிறு மாட்டும் வரை போனார்கள்.

பொருளாதார அறிஞர்களில் மில்டன் ஃப்ரீட்மனும் அன்னா ஷ்வார்ட்ஸும் வங்கி வீழ்ச்சியைப் பணப் புழக்கத்தின் கோணத்தில் பார்த்தார்கள்: நாட்டின் பண அளவு மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது, அதனால் மந்தம் ஆழமானது. பென் பெர்னான்கி 1983-இல் எழுதிய கட்டுரையில் வேறொன்றைச் சேர்த்தார். வங்கி விழும்போது கடன் வாங்குபவரைப் பற்றிய அறிவும் சேர்ந்து அழிகிறது. நல்ல கடனாளியாலும் கடன் வாங்க முடியாமல் போகிறது என்றார். 2022-இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு இந்த வேலையும் ஒரு காரணம். காசாளரின் தலைக்குள் இருந்த அந்தக் கணக்கைத்தான் அவர் கோட்பாடாக எழுதினார் என்று எனக்குத் தோன்றும்.

எல்லா வங்கியும் விழத்தான் வேண்டியிருந்ததா என்ற கேள்விக்கு மிசிசிப்பி மாநிலம் ஒரு பதில் வைத்திருக்கிறது. வட்டாரங்களாகப் பிரிந்திருக்கும் அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் எல்லைக் கோடு அந்த மாநிலத்தின் நடுவே போகிறது. தென்பாதி அட்லாண்டா வட்டாரம், வடபாதி செயின்ட் லூயிஸ் வட்டாரம். 1930 இறுதியில் கால்டுவெல் பீதி வந்தபோது அட்லாண்டா தாராளமாகக் கடன் கொடுத்தது; செயின்ட் லூயிஸ் கையைக் கட்டிக்கொண்டது. ஒரே மாநிலம், ஒரே பயிர், ஒரே பீதி. தென்பாதியில் பிழைத்த வங்கிகளின் விகிதம் அதிகம்.

தாமதமாக வந்த உதவிகள்

அதிபர் ஹூவரின் அரசு 1932 ஜனவரியில் மறுசீரமைப்பு நிதிக் கழகத்தை உருவாக்கியது. அது வங்கிகளுக்குக் கடன் கொடுத்தது, ஆனால் இருப்பதில் சிறந்த அடமானத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு. என் கற்பனை வங்கியில் பார்த்த அதே சிக்கல்: கடன் வாங்கியும் வங்கி பிழைக்காவிட்டால் டெபாசிட்காரர்களின் நிலை முன்னைவிட மோசம். அந்த ஆகஸ்டிலிருந்து கடன் வாங்கிய வங்கிகளின் பெயர்கள் வெளியே வரத் தொடங்கின. பெயர் வந்தால் மறுநாள் வாசலில் கூட்டம் என்பதால், தேவையிருந்தவர்களும் வாங்கத் தயங்கினார்கள்.

சில ஊர்களில் ஆட்களே வழி தேடினார்கள். டெபாசிட்காரர்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கவோ சில வருடம் தொடாமல் இருக்கவோ சம்மதித்து, வங்கியைத் திறந்து வைத்தார்கள். ரிசீவரிடம் போய் 55 சென்ட்டுக்கு ஆறு வருடம் காத்திருப்பதைவிட இது மேல் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள். தபால் நிலையச் சேமிப்புக்கு ஓடியவர்கள் இன்னும் அதிகம். 2 சதவீத வட்டி, ஒருவருக்கு 2,500 டாலர் உச்சவரம்பு என்றிருந்த அந்த எளிய திட்டத்தில் 1930-இல் சுமார் 17 கோடி டாலர் இருந்தது. 1933-இல் 100 கோடியைத் தாண்டியது. உள்ளூர் வங்கியிலிருந்து எடுத்ததுதான்.

1933 பிப்ரவரி 14 அன்று மிச்சிகன் மாநிலம் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை அறிவித்தது. மார்ச் 6 அன்று, பதவியேற்று இரண்டு நாளில், புதிய அதிபர் ரூஸ்வெல்ட் நாடு முழுவதும் வங்கிகளை மூடினார். 13-ஆம் தேதி முதல் திறந்தவை 12,000-க்குச் சற்றே குறைவு. ஏறக்குறைய 4,000 வங்கிகள் அந்த வருடம் திறக்க அனுமதி பெறாமலோ விழுந்தோ போயின. புதிய சட்டம் ரிசீவருக்கு முந்தைய படியாகக் ‘காப்பாளர்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அவர் வங்கியை உடனே கலைக்காமல், சீரமைக்க முடியுமா என்று பார்க்கலாம். நிதிக் கழகமும் இப்போது அடமானம் கேட்டுக் கடன் கொடுப்பதோடு நிற்காமல், முன்னுரிமைப் பங்குகளை வாங்கி முதலாகவே பணம் போட முடிந்தது. பல ஊர்களில் பழைய வங்கியின் நல்ல சொத்துகளோடு புதிய வங்கி அதே கட்டடத்தில் எழுந்தது, அழுகியவை ரிசீவரிடம் தங்கின. அந்த அக்டோபரில், மூடிய வங்கிகளின் சொத்துகளை ஈடாக வைத்து ரிசீவர்களுக்கே கடன் கொடுக்கும் திட்டமும் வந்தது. பண்ணையை இன்றே அடிமாட்டு விலைக்கு விற்காமல், பங்கீட்டை முதலில் கொடுத்துவிட்டுப் பொறுமையாக வசூலிக்க அது வழி செய்தது. இத்தனை செய்ததில் ஊர்களுக்கு மிகவும் உதவியது இதுதான் என்பேன். பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரியும் கிடைப்பதில்லை.

வங்கி விழுந்தாலும் போட்ட பணம் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி தரும் டெபாசிட் காப்பீட்டை ரூஸ்வெல்ட்டே முதலில் விரும்பவில்லை. பெரிய வங்கிகள் கடுமையாக எதிர்த்தன. எதிர்ப்பில் நியாயமும் இருந்தது: 1907-க்குப் பிறகு ஒக்லஹோமா தொடங்கி எட்டு மாநிலங்கள் இத்தகைய திட்டங்களை நடத்திப் பார்த்து, 1930-க்குள் எல்லாமே நொடித்திருந்தன. ஆனாலும் அலபாமாவின் ஹென்றி ஸ்டீகல் போன்ற, சின்ன வங்கிகளின் பக்கம் நின்ற உறுப்பினர்கள் விடவில்லை. 1933 ஜூன் 16 அன்று சட்டம் ஆனது; 1934 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 2,500 டாலர் வரை காப்பீடு, ஜூலையில் 5,000. பங்குக்கு மேல் மேலும் அதே அளவு கட்ட வேண்டிய பங்குதாரர்களின் இரட்டைப் பொறுப்பு அதன் பிறகு படிப்படியாக மறைந்தது. (இந்தியாவுக்கு இந்த ஏற்பாடு 1962-இல் வந்தது. அதற்கும் 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழ வேண்டியிருந்தது.)

1934 மே மாதம் இல்லினாய் மாநிலத்தின் ஈஸ்ட் பியோரியா என்ற சிற்றூரில் ஃபாண்ட் டு லாக் ஸ்டேட் பேங்க் மூடியது. காப்பீடு பெற்ற வங்கிகளில் முதலில் விழுந்தது இதுதான். ஜூலை 3 அன்று, அந்த வங்கியில் பணம் போட்டிருந்த ஒரு விதவைக்கு அவருடைய 1,250 டாலர் முழுதாகக் கைக்கு வந்தது. அந்த வருடம் நாடு முழுவதும் விழுந்த காப்பீட்டு வங்கிகள் 9.

காப்பீடு பின்னோக்கிச் செல்லவில்லை. 1930-இலும் 1931-இலும் மூடிய வங்கிகளில் போட்டவர்களுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு சென்ட்டும் கிடையாது. ஈஸ்ட் பியோரியாவில் அந்த விதவைக்கு முழுப் பணமும் கொடுக்கப்பட்ட அந்த வாரத்திலும் அவர்கள் ரிசீவரின் சான்றிதழை வைத்துக்கொண்டு அடுத்த பங்கீட்டுக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய கடன்களை ரிசீவர்கள் 1930-களின் பிற்பகுதி வரை வசூலித்துக்கொண்டிருந்தார்கள்.